பத்தாயிரம் லிட்டர்

கருங்கழிப்பட்டினம்
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நவநீதன் எழுதுகிறேன். "உன் குரல் இனிமே இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. குரல் கேட்காமல் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போன வருடம் நான் அனுப்பிய பொங்கல் சீர் பிரிக்காமலே திரும்பி வந்தது. இந்த வருடம் அனுப்பத் துணிச்சல் வரவில்லை.

தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்ததிலிருந்து இந்தத் துறைமுக ஊரில்தான் இருக்கிறேன். இதே தீயணைப்பு வேலை, இதே காக்கிச் சட்டை. ஆனால் சட்டையில் உப்புப் படிகிறது. பூட்டு, பீரோ, ஜன்னல் கம்பி என்று இரும்பில் செய்த எதுவும் இங்கே மூன்று வருடத்தைத் தாண்டுவதில்லை. தீ பாதுகாப்பு விதிகளோ எல்லா ஊருக்கும் பொதுவானவை. அவற்றை இந்தக் கடலோரத்துக்குத் தகுந்தபடி எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஒரு வழிகாட்டி எழுதச் சொல்லி ஐந்து பேர் குழு போட்டிருக்கிறார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில்.

முதல் பிரதியை முடித்துவிட்டேன். கருவாட்டுக் களங்களுக்கும் வலைக் கொட்டகைகளுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். கொட்டகைக்கு நான்கு மணல் வாளி, தீப்பிடித்தால் எல்லோரும் வந்து கூட கடற்கரையில் ஓர் இடம் என்று எல்லாம் கச்சிதமாக வந்திருப்பதாக மேலதிகாரியும் சொன்னார். அடுத்த வாரமே மூன்று கொட்டகைகளில் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் தம்பி
நவநீதன்


தருமபுரி
02.02.2025

உயர்திரு நிலைய அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மாமாவின் முழங்கால் தங்கள் விசாரிப்புக்கு மிகவும் நன்றி தெரிவிக்கிறது. படி ஏறும்போது வலி, இறங்கும்போதும் வலி.

இப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஒன்பது வயது மூத்தவள் நான். உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். உன்னை 'தாங்கள்' என்று எழுதினால் கையே கூசுகிறது.

கேட்க உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். 2023 ஜூன் ஏழாம் தேதி, பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருக்கும்போது, என் விடுதியை மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாய். கீழே 'நவநீதன்' என்று உன் கையெழுத்து. நான் பிடித்து எழுதப் பழக்கிய அதே கை. மூன்று குறை எழுதியிருந்தாய். வெளிப்பக்கம் இரும்புப் படி இல்லை. மொட்டை மாடியில் தீயணைப்புக்கென்று பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் இல்லை. இரவில் கதவை வெளியே பூட்டுகிறேன். மூன்றாவது வெறும் நொட்டைச் சொல். அதை விடு. குடிக்கிற தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை வருகிற தெருவில், பத்தாயிரம் லிட்டரைத் தொடாமல் மாடியில் வைத்து வேடிக்கை பார் என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாற்று வழியும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், படியே வேண்டாம் என்றேன். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைப் பின்கட்டில் தொட்டி கட்டித் தேக்கி மோட்டார் வைக்கிறேன் என்றேன். "விதியில இல்லீங்க" என்றாய். அக்காவைப் பார்த்து 'இல்லீங்க' என்றாய். ஆபீசில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வத்தல்மலையிலிருந்து வந்து தங்கிப் படித்த பதினெட்டுப் பெண்களும் டிரங்குப் பெட்டியோடு திரும்பிப் போனார்கள். ராமக்கா மகள் கலைச்செல்வி உனக்கு நினைவிருக்கும். பத்தாவதில் நானூற்று முப்பத்தேழு வாங்கினவள். பதினோராம் வகுப்புக்குச் சேர்க்க வாங்கி வைத்த சீருடைத் துணி தைக்காமல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது காப்பிக் கொட்டை பறிக்கப் போகிறாளாம்.

இந்த ஜூனுக்குள் விடுதி திறக்காவிட்டால் மூன்றாவது வருடம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை திரும்பிப் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எனக்குத் தெரியும்.

உன் வழிகாட்டி நன்றாக வரட்டும்.

நிர்மலாதேவி


கருங்கழிப்பட்டினம்
11.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் விதி எண்தான் பேனாவில் வந்தது. கிழித்துப் போட்டேன். இப்போது ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், நான் சோதனைக்கு எடுத்த வலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. டீ போட வைத்த அடுப்பிலிருந்து நைலான் வலைக்குத் தாவிவிட்டது. உள்ளே வலை பின்னிக்கொண்டும் கருவாடு கட்டிக்கொண்டும் இருபத்திரண்டு பெண்கள். நான் சொல்லிக் கொடுத்தபடியே மணல் வாளியை எடுக்க ஓடினார்கள். நிலையத்தில் கிடந்த பழைய வாளிகளைத்தான் கொடுத்திருந்தேன், முதல் வாளியின் கைப்பிடி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதைக் கவிழ்த்தால் மணல் கொட்டவில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து இறுகி, வாளி வடிவத்தில் ஒரு கட்டியாக விழுந்தது. கடற்கரை மணலை அள்ளி நிரப்பச் சொன்னவன் நான்தான். நம் ஊரில் வாளியில் போட்ட மணல் பத்து வருடம் ஆனாலும் பொலபொலவென்றிருக்கும். மணல் என்றால் எங்கும் மணல் என்று நினைத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. கூடும் இடத்தைக் கடற்கரைப் பக்கம் குறித்திருந்தேன். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்குமாம். பெண்கள் போய் நின்ற இடத்துக்கே புகை முழுவதும் வந்தது. கோவிந்தம்மாள் என்று ஒருவர், கருவாட்டுக் களத்துப் பெண்களுக்குத் தலைவி, அவர்தான் "கரையோட தெக்க ஓடுங்கடி" என்று கத்தி எல்லோரையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடினார். இரண்டு பேருக்கு மூச்சுத் திணறல், மறுநாள் வீடு வந்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. தெய்வம்தான் காப்பாற்றியது என்று எழுத வந்தேன். காப்பாற்றியது கோவிந்தம்மாள்.

தீ அணைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். முகமெல்லாம் கரி.

"எந்த ஊரு சார் உங்களுக்கு?"

"தருமபுரிங்க."

"அங்க கடல் இருக்கா?"

"இல்லீங்க."

"காலையில கரைக்காத்து, மத்தியானத்துக்கு மேல கடக்காத்து. இங்க நாலு வயசுப் புள்ளைக்குத் தெரியும். எழுதுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

'விதியில இல்லீங்க' என்று நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் நின்ற மாதிரி அன்றைக்கு நான் நின்றேன். நாலு பேர் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

நவநீதன்


தருமபுரி
20.03.2025

நவநீதா,

அந்தப் பெண்கள் பிழைத்தார்களே, அது போதும். கோவிந்தம்மாளை ஒரு நாள் பார்க்க வேண்டும். நீ நல்லவனோ கெட்டவனோ, உன் தப்பால் ஒரு உயிர் போயிருந்தால் நீ தேறியிருக்க மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். அந்த அம்மாளுக்கு என் சார்பிலும் நன்றி சொல்.

உன் மாமாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மணல் கட்டியாக விழுந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் உன்னை நினைத்துச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. நேரடியாகவே கேட்கிறேன். கடல் இருக்கிற ஊருக்கென்று விதியை வளைத்து எழுதலாம் என்கிறார்கள். அதற்குக் குழு போடுகிறார்கள். தண்ணீர் இல்லாத ஊருக்கு வளைக்கக்கூடாது என்று யார் சொன்னது? அன்றைக்கு நான் கொடுத்த மனுவை நீ மேலே அனுப்பினாயா? அவர்கள் படித்துப் பார்த்துத்தான் மறுத்தார்களா? பதிலே வராததால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூனுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான்.

நிர்மலா


கருங்கழிப்பட்டினம்
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதப் பத்து நாள் ஆனது. உங்கள் மனுவை நான் மேலே அனுப்பவே இல்லை. 'விதியின் நோக்கம் நிறைவேறும், பரிசீலிக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது. எனக்குத் தெரிந்தே இருந்தது. கோப்பில் குத்தி வைத்துவிட்டு, முடியாது என்று உங்களிடம் வாயால் சொன்னேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'சொந்த அக்கா விடுதின்னா மட்டும் சார் வளைஞ்சு குடுக்கறாரு' என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். வேறு யாராவது அதே மனுவைக் கொடுத்திருந்தால் அனுப்பியிருப்பேன். அக்கா என்பதாலேயே உங்களுக்கு அநியாயம் செய்தேன். நேர்மை என்று அப்போது நினைத்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் பதினெட்டுப் பிள்ளைகள் பெட்டி தூக்கினார்கள்.

கோவிந்தம்மாளையும் களத்துப் பெண்களையும் வைத்துக்கொண்டு வழிகாட்டியை முதலிலிருந்து எழுதுகிறேன். ஆற்று மணல்தான், அதுவும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில். இரும்புப் படிக்குப் பதில் சிமெண்டுப் படி. கூடும் இடம் இரண்டு, படகுக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து எங்கே ஓடுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். எழுத எழுத உங்கள் மனுதான் கண் முன்னால் நின்றது. நீங்களும் இதைத்தானே கேட்டீர்கள்.

இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். மாவட்ட அலுவலகத்துக்கு நேற்று அனுப்பியது. 'மேற்படி மனுவை அனுப்பாமல் வைத்துக்கொண்டது என் தவறு. மனுதாரர் மீது எந்தத் தவறும் இல்லை. மனுவை இப்போதாவது பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று கையெழுத்திட்டிருக்கிறேன். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வரட்டும்.

நீங்கள் புதிதாக ஒரு மனு கொடுங்கள். என் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம். தம்பி என்பதால் கிடைத்தது என்று அதையும் யாரும் சொல்லக் கூடாது.

மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா.

நவநீதன்


தருமபுரி
16.04.2025

நவநீதா,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றேன். விதி என்னைத் தோற்கடித்தது என்று இத்தனை நாள் ஒரு சமாதானம் இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டாய். யாரும் படித்துப் பார்க்கக்கூட இல்லை! ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாய்!

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், எதிரில் இருந்திருந்தால்.

மூன்றாம் நாள் அந்த நகலை மறுபடி எடுத்துப் படித்தேன். 'என் தவறு' என்று முழுப் பெயரோடு, பதவியோடு எழுதியிருக்கிறாய். இதை நீ எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கே தெரிந்திருக்காது. உன் வேலைக்கு என்ன வருமோ என்று உன் மாமா கவலைப்படுகிறார். நானும்தான். கோபம் போகவில்லை நவநீதா, ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நன்றியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொள். நீ செய்தது பெரிய காரியம்.

மனு கொடுத்துவிட்டேன். ஆபீசில் கேட்டதற்கு, பழைய மனுவும் மேஜைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சசிகலா என்று ஒரு புது அலுவலர். நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டைத் தலைகீழாக்கியாயிற்று. கீழ்த்தளம் முழுக்கப் பிள்ளைகளுக்கு, முன்னும் பின்னும் இரண்டு கதவு. நானும் உன் மாமாவும் மேலே போய்விட்டோம். முழங்கால்காரரை மாடி ஏற்றிய பாவம் உனக்குத்தான் என்கிறார். பின்கட்டில் தொட்டி கட்டியாகிவிட்டது. குளியல் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அதில்தான் விழும். மோட்டார் போட்டுப் பார்த்தேன். மொட்டை மாடிவரைக்கும் பீய்ச்சியது. சோப்பு நுரையோடு.

நிர்மலா


தருமபுரி
12.05.2025

நவநீதா,

சசிகலா நேற்று வந்தார். தொட்டியை அளந்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். இரண்டு கதவு வழியாகவும் தானே ஓடிப் பார்த்தார். "நல்லா யோசிச்சு பண்ணியிருக்கீங்கம்மா, தண்ணி விசயத்துல இதுக்கு மேல இந்த ஊர்ல யாரும் செய்ய முடியாது" என்று எழுதியும் கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் கதவுக் கொண்டியைப் பார்த்தார். "ராத்திரிக்கி எங்க பூட்டுவீங்க?" என்றார். வெளியே என்றேன். எட்டு மணிக்குப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் நான் படுப்பேன். விடுதி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். பேனாவை மூடிவிட்டார். "இத மாத்தற வரைக்கும் சான்று இல்லீங்க" என்றார்.

நீதான் சொல்லிக் கொடுத்தாயா? உன் நோட்டீசில் இருந்த மூன்றாவது குறை அப்படியே அவர் வாயில் வருகிறது.

வயசுப் பெண்களை மலையிலிருந்து நம்பி அனுப்புகிறார்கள். பெற்றவர்களுக்கு நான் கொடுக்கிற உத்தரவாதமே அந்தப் பூட்டுதான். தண்ணீருக்கு வளைந்த விதி இதற்கு மட்டும் ஏன் வளையாது? இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பூட்டை எடுத்தால் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். எடுக்காவிட்டால் சான்று கிடைக்காது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நிர்மலா


கருங்கழிப்பட்டினம்
17.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சசிகலாவோடு நான் பேசியதில்லை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

நீங்கள் கோபித்தாலும் சரி, பூட்டு விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்கிறேன். தண்ணீர் எவ்வளவு, மணல் எது, படி எதில் கட்டுவது, எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் ஊருக்கு ஊர் மாறலாம். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டாதே என்பது எந்த ஊரிலும் மாறக் கூடாது. கடலோ மலையோ, புகை ஒன்றுதான். இங்கே படகுத் தொழிலாளிகள் தங்கும் ஒரு விடுதியிலும் இதே வழக்கம் இருந்தது, சாமான் திருட்டுப் போகும் என்று. போய் நின்று கொண்டியைக் கழற்றினோம். நீங்கள் இப்போது மாடியில் படுக்கிறீர்கள். சாவி உங்கள் இடுப்பில். உங்களுக்கே மயக்கம் வந்துவிட்டால்?

உங்களைத் திருத்த எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். கோவிந்தம்மாள் என்னைக் கேட்டதை மட்டும் கேட்கிறேன். அந்தப் பெற்றோரை ஒரு வார்த்தை கேட்டீர்களா அக்கா?

வழிகாட்டியை ஏற்றுக்கொண்டார்கள், இந்த ஊருக்கு மட்டும். குழுவில் கோவிந்தம்மாள் இப்போது ஆறாவது ஆள். எனக்கு விளக்கம் கேட்டு வந்தது, பதில் கொடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் இந்த முறை என் பெயர் இல்லை. பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் கடிதம் எழுதுகிறீர்களே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

நவநீதன்


தருமபுரி
08.06.2025

நவநீதா,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். அடுத்த நாள் காலை வண்டி பிடித்து வத்தல்மலைக்குப் போனேன். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் உன்னைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

ராமக்கா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழெட்டுத் தாய்மார்களையும் கூட்டிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் வெளியே பூட்ட முடியாது, உள்தாழ்தான், சம்மதமா என்று கேட்டேன். மாட்டோம் என்பார்கள் என்று நினைத்துப் பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ராமக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இத்தன நாளா புள்ளைங்கள உள்ள வெச்சு வெளியவா பூட்டினீங்க?"

"உங்களுக்காகத்தான் ராமக்கா. நம்பி அனுப்பறீங்களே."

"ஆட்டுப்பட்டிக்குத்தானுங்க நாங்க அப்புடி பண்ணுவம். ஆளு இருக்கற வூட்ட வெளிய சாத்தினா எங்க பக்கம் அபசகுனம். நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் அனுப்பினம். பூட்ட நம்பியா அனுப்பினம்?"

பத்து வருடம் நவநீதா. அவர்களுக்காக என்று நினைத்துப் பூட்டினேன். பிள்ளைகளும் ஊரில் சொன்னதில்லையாம், அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பயம் முழுக்க என்னுடையது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு ராத்திரி ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே களத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராமக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு என்னோடு சண்டை போட்டு அந்த மூன்றாவது குறையை எழுதினாயே, அதற்கு இப்போது நன்றி சொல்கிறேன். தண்ணீரில் நீ தப்பு. பூட்டில் நான் தப்பு. நீ உன் தப்பைக் காகிதத்தில் எழுதினாய். இதோ நானும் எழுதிவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி சசிகலா மறுபடி வந்தார். இரண்டு கதவிலும் உள்தாழ், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில். சான்று கையில் கொடுத்தார். ஜூன் இரண்டாம் தேதி விடுதி திறந்தோம். பழைய பதினெட்டு பேரில் நான்கு பேர்தான் திரும்பி வந்தார்கள். புதிதாக ஏழு பேர். சிலர் வேறு ஊரில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்களாம். அது எனக்கு ஆறவில்லை, உனக்கும் ஆறாது. அதை நாம் இரண்டு பேரும் சுமக்க வேண்டியதுதான்.

கலைச்செல்வி வந்தாள். நம்மைவிட உயரமாகிவிட்டாள். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பெண்களோடு பதினோராம் வகுப்பில் உட்கார வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நேராக என்னிடம் வந்து கேட்டாள்.

"அன்னிக்கி நோட்டீஸ் குடுத்த சார் உங்க தம்பிதானுங்களே?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு வருசம் போச்சு. அவருகிட்ட சொல்லுங்க."

நான் உனக்காகப் பேசவில்லை. பேசவும் கூடாது. உள்ளே போய் நீ மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிய நகலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். 'என் தவறு' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"பெரியவங்க யாரும் இப்பிடி எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். அப்புறம், "இத நானே வெச்சுக்கட்டுமுங்களா?" என்று கேட்டாள்.

கொடுத்துவிட்டேன். நீ இன்னொரு நகல் எடுத்து வைத்திருப்பாய்தானே.

அக்கா
நிர்மலா